மண்ணைக் கேட்டு மனை எழுப்புக!

மணிமுத்தாற்றில் தண்ணீருக்கு ஒரு வீடு உண்டு. அணை என்று அதற்குப் பெயர். 1958 இல் எழுந்தது. 118 அடி உயரத்துக்கு நீரைத் தாங்கி நிற்பது. அதனை எழுப்பியோர், முதற்கல்லை வைக்குமுன் மலையைக் கேட்டனர், பாறையைக் கேட்டனர், எவ்வழி வருவாய், எவ்வளவு வருவாய், வெகுண்டால் என்ன செய்வாய் என்று ஆற்றையே கேட்டனர். கேட்டதைக் கணக்காக்கினர், கணக்கைக் கல்லாக்கினர். அதனால்தான் அறுபது ஆண்டுகள் கடந்தும் அது நிற்கிறது.

தண்ணீருக்கு வீடு கட்டும்போது நிலத்தைக் கேட்ட நாம், மனிதனுக்கு வீடு கட்டும்போது யாரைக் கேட்கிறோம்?

தோட்ட முதலாளி இலாபத்தைக் கேட்டார். வசதி படைத்தவர் வாஸ்து சொல்பவரைக் கேட்கிறார். அலுவலர் கோப்பைக் கேட்கிறார். நிலத்தைக் கேட்டாரில்லை, அந்த நிலத்திலே வாழப்போகிறவரைக் கேட்டாரும் இல்லை! இம்மூவர் எழுப்பும் வீடுகளையும் ஒரே தராசிலே நிறுத்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. வேண்டாத வேலையா? அன்று. மணிமுத்தாற்றுக்கு மேலேயுள்ள மக்கள் மலையைவிட்டு இறங்கும் காலம் இது. அவர்களுக்கு வீடு வேண்டும். எத்தகைய வீடு என்பதுதான் கேள்வி.

* * *

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929 இல், 99 ஆண்டுக் குத்தகையாக, 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காட்டைப் பம்பாய் பர்மா வாணிகக் கழகம் பெற்றது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகள் தோன்றின. காட்டை அழித்தவர், தேயிலை நட்டவர், அட்டைக்கடியில் கால் புண்ணாகிக் கொழுந்து பறித்தவர், பெரும்பாலும் சமவெளியின் ஒடுக்கப்பட்ட மக்கள். கூலிக்காக அவர்கள் நடத்திய போராட்டத்துக்குத் துணையாக 1999 ஜூலை 23 இல் நெல்லையிலே நடந்த ஊர்வலத்தில் தடியடி விழுந்தது. தாமிரபரணியில் 17 உயிர்கள் மாண்டன. குத்தகை முடியுமுன்னரே, 2024 இல், தோட்டத்தை மூட நிறுவனம் முற்பட்டது. விருப்ப ஓய்வு என்றனர். நான்கு தலைமுறை வாழ்ந்த மலையை விட்டு இறங்குவது எவருடைய விருப்பம்? வழக்கு, மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளை வரை சென்றது. மறுவாழ்வுப் பொறுப்பு அரசின் கைக்கு வந்தது.

அவர்கள் விட்டுவரும் வீட்டை முதலில் பார்ப்போம். லைன் வீடு! பெயரே அதன் இலக்கணத்தைச் சொல்கிறது. வரிசை! ஒரே நீண்ட கூரை; ஒரே நீண்ட சுவர்; குறுக்கே தடுத்தால் குடும்பத்துக்கொரு கூறு. ஓர் அறை, ஒரு சமையலிடம், முன்னே ஒடுங்கிய ஒரு குறடு. படை வீரரை அடைக்கும் கொட்டடியிலிருந்து பிறந்த வடிவம் இது. தொழிலாளர்க்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951 இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால் கடமையை நிறைவேற்றக் கூரை போதும். வாழ்க்கைக்குக் கூரை மட்டும் போதுமா?

மலைத்தோட்டம் எதுவாயினும் ஒன்றை உற்றுப் பாருங்கள். துரையின் பங்களா எங்கே இருக்கும்? மேட்டில்! நீர் வடியும் இடத்தில், காற்று வரும் முகத்தில், காட்சி விரியும் முனையில். தொழிலாளியின் லைன் எங்கே இருக்கும்? வேலைக்களத்துக்கு அருகே, தேயிலைக்குப் பயன்படாத இடத்தில், பெரும்பாலும் பள்ளத்தில், ஓடைக்கரையில். இடமறியும் அறிவு அன்றைக்கு இல்லாமற் போகவில்லை, தோழர்களே! இருந்தது. ஆனால் அந்த அறிவு துரைக்காக மட்டுமே வேலை செய்தது.

அதன் விலை என்ன? 2020 ஆகஸ்ட் 6 ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. ஓடைப்பள்ளத்திலிருந்த லைன்கள் உறங்கியவாறே மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள்! அவர்களுள் பலருக்குப் பூர்வீகம் நம் கயத்தாற்று வட்டாரம். கடல் தாண்டி இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29 இல் லயன் அறைகள் புதையுண்டன. அங்கே மண் சரியும் என்ற எச்சரிக்கை முன்னரே எழுந்திருந்தது. நிலம் பேசியிருந்தது, அறிஞர் அதனை மொழிபெயர்த்தும் தந்திருந்தனர். எனினும் லயன் இருந்த இடத்திலேயே இருந்தது. இதனை இயற்கையின் சீற்றம் என்று எழுதி ஏட்டை மூடிவிடலாமா? மழை இயற்கை. மலை இயற்கை. மழை இறங்கும் வழியிலே ஏழையைக் குடிவைத்தது மட்டும் இயற்கையன்று.

* * *

அடுத்து, சாத்திரத்து வீடு. மனையடி சாத்திரம் என்பது பழைய பெயர்; வாஸ்து என்பது இன்றைய விலைப்பெயர். பெயர் மாறியது, பிழைப்பு மாறவில்லை.

மனை வாங்கிய ஒருவரை எண்ணிக் கொள்வோம். அவருக்கும் வாஸ்துக்காரருக்கும் உரையாடல் இப்படித்தான் நடக்கும்.

“அடுக்களை எங்கே வைக்கலாம்?”

“அக்கினி மூலையில். தென்கிழக்கு.”

“தென்கிழக்கில் பாறை இருக்கிறதே!”

“உடைத்துவிடுங்கள்.”

“வடகிழக்கு மேடாக இருக்கிறதே!”

“ஈசானிய மூலை தாழ்ந்திருக்க வேண்டும். வெட்டித் தாழ்த்துங்கள். தென்மேற்கை மண் கொட்டி உயர்த்துங்கள்.”

“வெட்டினால் மழைநீர் எங்கே போகும்?”

“அது என் துறையன்று!”

இருக்கிற நிலத்தைப் பார்த்து வீடு அமைவது அறிவு. எழுதிய விதிக்காக இருக்கிற நிலத்தை வெட்டுவது என்ன? செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதுதான்!

இன்னும் ஒன்று கேட்போம். வடகிழக்கு தாழ்ந்து தென்மேற்கு உயர்ந்தால் நன்மை என்கிறது விதி. மணிமுத்தாற்றிலே நின்று பாருங்கள். மலை தென்மேற்கே, ஆறு வடக்கும் கிழக்குமாக இறங்கிக் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் தாமிரபரணியோடு கலக்கிறது. விதி பொருந்துகிறது! ‘ஆகா, சாத்திரம் பலித்தது’ என்று துள்ள வேண்டாம். அதே மலையைக் கடந்து மறுபக்கம் இறங்குங்கள். அது திருவனந்தபுரத்து நிலம். அங்கே மலை கிழக்கே, கடல் மேற்கே, நீரெல்லாம் மேற்கு நோக்கி ஓடுகிறது. விதிப்படி பார்த்தால் அந்நாட்டார் அனைவரும் அழிந்திருக்க வேண்டும். அழிந்தனரா? எழுத்தறிவில் இந்தியாவுக்கே முன் நிற்கின்றனர்! ஒரே மலை, இரு சரிவு. ஒரு சரிவில் நல்லதென்பது மறு சரிவில் கேடென்றால், குற்றம் மலையிலா, விதியிலா?

நடுநிலையோடு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இவ்விதிகளுள் சில, எங்கோ ஓரிடத்தில், யாரோ ஒரு கொத்தனாரின் அனுபவ அறிவாகத் தோன்றியிருக்கலாம். தென்மேற்குக் காற்று வீசும் ஊரில் அடுப்புப்புகை வீட்டுக்குள் அடையாதிருக்க, அடுக்களையைக் கிழக்கே தள்ளியிருக்கலாம். நல்ல அறிவே! ஆனால் ஓரிடத்து அறிவை எல்லா இடத்துக்கும் கட்டளையாக்கி, காரணத்தை மறைத்து, மீறினால் மகன் சாவான், செல்வம் அழியும் என்று அச்சத்தைப் பூசியபோது அறிவு செத்தது. அச்சம் அரியணை ஏறியது. ரசமட்டம் யாருக்கும் சாதகம் கணிப்பதில்லை. தூக்குக்குண்டு எவருடைய நட்சத்திரத்தையும் கேட்பதில்லை. அவை கேட்பது ஒன்றே: மட்டமா, நேரா?

* * *

சாத்திரத்தைச் சாடியதால் முன்னோர் கட்டிய வீடுகளையெல்லாம் இகழ்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டா. நெல்லைச் சீமையின் பழைய வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். தெருத்திண்ணை, தார்சா, பட்டாசால், அடுக்களை, அங்கணம், புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும். தடித்த சுவர், பகல் வெம்மை உள்ளே வருமுன் பொழுதைச் சாய்த்துவிடும். பனங்கை மேல் பரப்பிய நாட்டோடு, இடுக்குகளால் மூச்சுவிடும். வானம் பார்த்த முற்றம், சூடேறிய காற்றை மேலே விட்டு வெளிச்சத்தை உள்ளே இறக்கும். எந்த மந்திரமும் இல்லை இதில். வெயிலை அறிந்த கைகளின் வேலை.

ஆனால் அந்த வீட்டின் அழகைப் பாடும் கலைவாணர், அதன் வாசலிலே நின்ற மனிதனைப் பாடுவதில்லை. திண்ணையில் அமரலாமா, திண்ணையையும் தொடலாகாதா, புறவாசல் வழியே வந்துதான் கூலி பெற வேண்டுமா என்று, சுவரும் படியும் சாதி பார்த்தன. அக்கிரகாரம் ஆற்றங்கரையில், சேரி வெள்ளம் முதலில் ஏறும் தாழ்விடத்தில். மாஞ்சோலையில் துரை செய்ததை, துரை வருமுன்னரே இங்கே வருணம் செய்து வைத்திருந்தது! ஆகவே, முற்றத்தின் வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். வாசற்படியின் வழக்கத்தை வெட்டி எறிவோம்.

* * *

மூன்றாவது, அரசு கட்டித் தரும் வீடு. இதனைத் திறனாயும்போது நன்றி மறத்தல் கூடாது. குடிசைக்குத் தீ வைத்தால் கேட்பாரற்ற காலம் ஒன்று இருந்தது. 1970 இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. 2024 இல் கலைஞரின் கனவு இல்லத் திட்டம் வந்தது: 360 சதுர அடி, வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய், பெரும்பகுதிக்குக் கான்கிரீட் கூரை, 2030 க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது குறிக்கோள். ஓலை ஒழுகிய இடத்தில் உறுதியான கூரை! ஏழைக்கு அது வீடு மட்டுமன்று, தலைநிமிர்வு.

அந்த நன்றியோடுதான் குறையையும் சொல்கிறோம். கோப்புக்கு ஒரு குணம் உண்டு: எல்லா ஊரும் அதற்கு ஒரே ஊர், எல்லா மண்ணும் ஒரே மண். கோவில்பட்டிக் கரிசல் மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவு பிளக்கும். அங்கே ஆழமற்ற கடைக்கால் போட்டால் முதல் ஆண்டிலேயே சுவர் வாய் திறக்கும். மணிமுத்தாற்று அடிவாரத்திலோ சரளையும் பாறையும். அங்கே வேண்டுவது ஆழமன்று, வடிகால். மலைச்சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்னே கொட்டிச் சமன் செய்து அதன்மேல் சுவர் எழுப்பினால், பாதி வீடு கெட்டி மண்ணில், பாதி வீடு கொட்டிய மண்ணில். ஒரு பெருமழை போதும். கொட்டிய பாதி அமரும், சுவர் கோணும். வெயிலூரில் மெல்லிய கான்கிரீட் தளம் பகலெல்லாம் கதிரைக் குடித்து, இரவெல்லாம் உறங்குவோர்மேல் அந்த வெம்மையைக் கக்கும். இவையனைத்தும் பொறியாளர் அறிந்தவை. அறிந்திருந்தும் ஒரே வரைபடம் ஊர் ஊராகப் பயணம் செய்வது ஏன்? இடத்தைப் பார்க்க நேரமில்லை. கணக்கு முடிய வேண்டும்!

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நெல்லையும் தூத்துக்குடியும் மறக்குமா? 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணி கரை மீறியது. நீரின் பழைய வழியை மறித்து நின்ற வீடுகள், தாம் மறித்தது எதை என்பதை அன்று அறிந்தன. தரைமட்டம் எங்கே, வெள்ளமட்டம் எங்கே என்று கேளாத வரைபடம், வரைபடமே அன்று.

கோப்புக்கும் சாத்திரத்துக்கும் என்ன வேறுபாடு? சாத்திரம் பார்ப்பனியத்தின் குரலில் பேசும்; கோப்பு அலுவலகத்தின் குரலில் பேசும். ஆனால் இரண்டும் மனையைக் காணுமுன்னரே தீர்ப்பை எழுதிவிட்டவை. சாத்திரத்தை மறுக்கும் நாம், கோப்பு சாத்திரமாகும்போது வாய்மூடி இருந்தால், நம் பகுத்தறிவு அரைப் பகுத்தறிவு.

* * *

வேறு வழியுண்டா என்பீர். உண்டு. அதே மலையின் மறுபக்கத்தில் ஒருவர் கட்டிக் காட்டினார். லாரி பேக்கர்! 1917 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 2007 இல் திருவனந்தபுரத்தில் மறைந்தவர். இமயமலைச் சரிவில், பித்தோராகரில், ஆண்டுகள் பல வாழ்ந்தபோது ஓர் உண்மையைக் கண்டார்: தாம் படித்த கட்டடக்கலையைவிட, படிக்காத மலைக்கொத்தனாரின் வீடு பனியையும் சரிவையும் நன்கு அறிந்திருந்தது. பட்டம் பெற்றவர் அந்த இடத்தில் மாணவரானார். அதுதான் அவருடைய பெருமை.

திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தை 1970 களில் அவர் கட்டினார். குன்றை வெட்டிச் சமன் செய்யவில்லை. குன்றின் வளைவோடு சுவரை வளைத்தார். மரம் குறுக்கிட்டால் மரத்தை வெட்டவில்லை, சுவரை ஒதுக்கினார். செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்திவைத்து, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டை ஏழையின் வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவிலுள்ள காற்று வெயிலைத் தடுக்கும் திரை. சன்னலுக்குப் பதிலாகத் துளைச்சுவர். காற்றும் ஒளியும் வரும், செலவு வராது.

பேக்கர் கிறித்துவப் பற்றுடையவர். நம் கொள்கைக்காரர் அல்லர். அதனால் என்ன? நிலத்தின்முன் நின்றபோது அவர் எந்த மறைநூலையும் புரட்டவில்லை, நிலத்தைப் புரட்டினார். அவ்வளவில் அவர் நம்மவர்! ஆனால் ஒரு குறிப்பு: அவருடைய செங்கற்சுவரை அப்படியே பெயர்த்து மணிமுத்தாற்றில் நட்டால், அதுவும் ஒரு புதிய சாத்திரமே. எடுக்க வேண்டியது அவருடைய சுவரை அன்று, அவருடைய கேள்வியை.

* * *

மனையின் சூழல் என்பது மண்ணும் மழையும் மட்டுமா? பக்கத்து வீட்டில் யார் என்பதும் சூழலே. இந்நாட்டில் மலைச்சரிவைவிடச் செங்குத்தான சரிவு ஒன்று உண்டு, அது சாதி. அதன்மீதும் வீடு கட்ட முடியும் என்று காட்டியது சமத்துவபுரம். 1997 இல் அறிவிக்கப்பட்டது; மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் 1998 இல் முதலாவது திறக்கப்பட்டது. 100 வீடுகள்: ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. தெருவுக்கொரு சாதி இல்லை; பொதுவே எல்லாம். சுவரின் வடிவில் அங்கே புதுமை குறைவு. சுவருக்கு அப்பால் யார் என்பதில் புரட்சி! வரைபடத்திலே முதன்முறையாகச் சமுதாயமும் வரையப்பட்டது.

இப்போது மணிமுத்தாற்றுக்கு வருவோம். மலையிலிருந்து இறங்குவோர்க்கு அரசு காட்டிய இடங்களுள் நெல்லையை ஒட்டிய ரெட்டியார்பட்டியின் அடுக்குமாடி வீடுகளும் உண்டு. கூரை உண்டு, மின்விளக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேலே குளிரிலும் மூடுபனியிலும் வளர்ந்த உடல், கொல்லையில் கீரை நட்டுக் கோழி வளர்த்த கை, வெயிலூரின் மாடியறையில் என்ன செய்யும்? அங்கிருந்து வேலை எவ்வளவு தொலைவு? அடிவாரத்திலே இடம் கேட்போர்க்கு அடிவாரத்தில் கட்டுவதானால், எப்படிக் கட்டுவது? ஓர் இளம் பொறியாளரிடம் பொறுப்பைக் கொடுத்தால், அவர் செய்ய வேண்டுவன இவை:

ஒன்று: வரைபடத்துக்கு முன் நடை. கோடையில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை, இடத்தை நடந்து பார்க்கட்டும். காக்காச்சியும் நாலுமுக்கும் ஊத்தும் தமிழகத்துப் பெருமழைக் கணக்கில் முன்வரிசையில் நிற்பவை. அந்த நீர் இறங்கும் வழியை முதலில் குறிக்கட்டும். அவ்வழியில் ஒரு செங்கல்லும் வேண்டா.

இரண்டு: சுவருக்கு முன் வடிகால். மேட்டுப்புறத்தில் நீரை மடக்கி ஒதுக்கும் கால்வாய், தாங்குசுவரில் கசிவுத்துளைகள், சரிவை வெட்டாமல் படிப்படியாக இறங்கும் கடைக்கால்.

மூன்று: மேற்கு வெயிலுக்கு மறைப்பு. நீண்ட இறவாரம், முன்னே ஒரு திண்ணை, சுவரின் உச்சியில் சூடான காற்று வெளியேறத் திறப்பு, தளத்தின்மேல் தட்டோடும் சுண்ணாம்பும்.

நான்கு: காட்டோரம் என்பதை மறவாமை. கரடியும் பன்றியும் சிறுத்தையும் உலவும் அடிவாரம் அது. கழிப்பிடம் வீட்டோடு இருக்கட்டும். இருட்டில் பெண்டிர் வெளியே போகும் நிலை வேண்டா. தெருவுக்கு விளக்கும், ஆட்டுக்குக் கெட்டியான கொட்டிலும் வீட்டின் பகுதியே. பிறகு பார்க்கலாம் என்னும் பட்டியலில் சேர வேண்டியவை அல்ல.

ஐந்து: குடியேறுவோரைக் கேட்டல். கொழுந்து பறித்த மூதாட்டியை உட்கார வைத்து, ‘அம்மா, அடுப்பு எங்கே வேண்டும், சன்னல் எப்பக்கம் வேண்டும்?’ என்று கேட்கட்டும். நான்கு தலைமுறையாக அவரை எவரும் கேட்டதில்லை.

ஆறு: அண்டை வீட்டை ஒதுக்குவது சாதிக் கணக்கால் ஆகாது. மலையிலிருந்து வந்தவர்க்கு ஊருக்கு வெளியே ஒரு மூலை என்றால், லைன் கீழே இறங்கி வந்தது என்றே பொருள்.

செலவு ஏறும் என்பர். மழைக்காலத்தில் ஒரு நாள் நடப்பதற்கு என்ன செலவு? மூதாட்டியிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு எந்த நிதியில் பணம் ஒதுக்க வேண்டும்? மரத்தை வெட்டாமலிருப்பதற்கு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டுமா? கேளாமல் கட்டுவதுதான் செலவு. விரிந்த சுவர் செலவு; கைவிட்ட வீடு செலவு; பெட்டிமுடி, ஈடு செய்ய ஒண்ணாத செலவு.

கட்டடக்கலை கற்கும் இளைஞர்களே! உங்கள் ஊரில் நாளை ஒரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுவர். அங்கே ஒருவர் தேங்காய் உடைத்துத் திசைக்குப் பலன் சொல்லுவார். இன்னொருவர் கோப்பைப் புரட்டிக் கையெழுத்திடுவார். நீங்கள் ரசமட்டத்தோடு செல்லுங்கள். மண்ணை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். நீர் எப்பக்கம் போகும், காற்று எப்பக்கம் வரும், இங்கே வாழப் போகிறவர் யார் என்று உரக்கக் கேளுங்கள். தண்ணீருக்கு வீடு கட்டியவர்கள் அதைத்தான் செய்தனர். மணிமுத்தாற்று அணையின்மேல் நின்று கீழே பாருங்கள். அங்கே இன்னும் எழுப்பப்படாத வீடுகள், உங்கள் கேள்விக்காகக் காத்திருக்கின்றன.